ஐந்தாவது மூட்டை

அன்று சொல்லாமல் நின்றது பயந்து அல்ல, அண்ணி. பயம் அதற்குப் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது வேறு. அது என்ன என்று சொல்ல மூன்று வருஷமாக முயன்றுகொண்டிருக்கிறேன்.

இன்று காலை நைனா பின்பக்கத்தில் உட்கார்ந்து வேர்க்கடலை விதைக்கு மருந்து கலந்தார். ஒரு பழைய பானையில் மல்லாட்டைப் பயிறைப் போட்டு, மேலே பொடியைத் தூவி, வாயைத் துணியால் கட்டி, மடியில் வைத்து ஆட்டினார். வாசனை அடுப்படி வரை வந்தது. துருப்பிடித்த ஆணியை ஈரக் கையில் நெடுநேரம் வைத்திருந்தால் வருமே, அந்த மாதிரி. நான் உலைக்கு அரிசி அளந்துகொண்டிருந்தேன். கை நின்றுவிட்டது. எத்தனை ஆழாக்கு போட்டேன் என்பது மறந்துபோனது.

உங்கள் பெண் செல்வி எங்கே என்று தேடினேன். பள்ளிக்கூடத்தில் இருந்தாள். எனக்கே தெரியும். நான்தான் தலை சீவி அனுப்பினேன். ஆனாலும் வாசல், கிணற்றடி, மாட்டுக் கொட்டகை எல்லாம் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். திரும்பி வந்தபோது உலை பொங்கி வழிந்து அடுப்பு அணைந்திருந்தது.

நீங்கள் போய் ஐந்து மாதம் ஆகிறது. மூன்று நாள் காய்ச்சல். அவ்வளவுதான். உங்களிடம் ஒன்றைச் சொல்ல எனக்கு இரண்டரை வருஷம் இருந்தது. சொல்லவில்லை. இப்போது எழுதுகிறேன்.

*

அது நடந்த வருஷம் மேடைகளில் எல்லோரும் அரிசியைப் பற்றியே பேசினார்கள். ரேஷனில் பாதி அரிசி, பாதி கோதுமை. சில வாரம் சிவப்புச் சோளம் மட்டும். அண்ணனுக்குக் கண்டக்டர் சம்பளம். நைனாவுக்கு வல்லத்துப் பக்கம் மானாவாரி நிலம், அதில் மழை பெய்தால் மல்லாட்டை. அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். நான் பல்கலைக்கழக விடுதியில். எல்லாவற்றையும் ஒரு மாதச் சாமானுக்குள் அடக்க வேண்டியவர் நீங்கள். உங்களுக்கு அப்போது இருபத்து நான்கு வயது. என்னைவிட நான்கு வயதுதான் கூட. இதை நான் அப்போது ஒருமுறைகூட நினைத்துப் பார்க்கவில்லை.

சம்பளம் வந்த அன்று நீங்கள் எல்லோரையும் உட்கார வைப்பீர்கள். ஆளுக்கு ஒன்றை விட வேண்டும். அந்த மாதம் முழுக்க. யாரும் யாருக்காகவும் சொல்லக்கூடாது. அவரவர் வாயால் வர வேண்டும். விடுமுறைக்கு வந்திருந்தபோது ஒருமுறை நானும் அந்தக் கூட்டத்தில் இருந்தேன்.

"மாமா, நீங்க இன்னா வுடறீங்க?"

"போன மாசம் பீடிய வுட்டேன். இந்த மாசமும் அதயே வுடறேன்," என்றார் நைனா.

"வுட்டதயே வுட முடியாது. புதுசா ஒண்ணு சொல்லுங்க."

"அப்ப உசுரதாம்மா வுடணும்."

"அதுக்கு செலவு ஜாஸ்தி மாமா. வேற சொல்லுங்க."

நைனா சிரித்துவிட்டு மத்தியான வரக்காப்பியை விட்டார். அண்ணன் அவலூர்பேட்டை பஸ் நிற்கும் இடத்தில் தின்னும் போண்டாவை விட்டார். செல்விக்கு அப்போது நாலு முடிந்திருந்தது. அவள் எழுந்து நின்று, "நானு பவுடர வுடறேன்" என்றாள்.

"ஏண்டி, வூட்ல பவுடரே இல்லியே?"

"அதான்."

நான் விடுதியில் இருந்த மாதங்களில் என் பங்கு தபால் கார்டில் வர வேண்டும். 'தலைக்கு எண்ணெய்' என்று ஒரு மாதம் எழுதினேன். 'சலவை' என்று ஒரு மாதம். எழுதும்போது பெரிய தியாகம்போல இருக்கும். நீங்கள் பதில் கார்டில் எழுதுவீர்கள்: 'சரி. சலவை விட்டது வரவு.'

பிறகு மூட்டைகள். நைனாவின் பழைய வேட்டியை நான்காகக் கிழித்து வைத்திருந்தீர்கள். வாங்கி வந்த சாமான் எல்லாவற்றையும் நாலாகப் பங்கிடுவீர்கள். துவரம்பருப்பு, புளி, மிளகாய், தனியா, ஒரு கட்டி வெல்லம், சட்னிக்கு ஓர் ஆழாக்கு மல்லாட்டைப் பயிறு. ஒவ்வொன்றையும் தாளில் மடித்து, நாலு மூட்டையாகக் கட்டி, உத்திரத்தில் கயிறு போட்டுத் தொங்கவிடுவீர்கள். எலிக்கு எட்டாது. எங்களுக்கும். வாரம் பிறந்தால் ஒன்று இறங்கி அலமாரிக்கு வரும். அதற்குள் மிளகாய் தீர்ந்தால் மிளகாய் இல்லாத குழம்பு.

"ஒரு வாரம் இன்னொரு வாரத்தத் துன்னக் கூடாது," என்பீர்கள்.

இன்னொன்றும் உண்டு. அலமாரியில் இருந்து எதை எடுத்தாலும் வாய்விட்டுச் சொல்லிவிட்டு எடுக்க வேண்டும். ரெண்டு மிளகாய் எடுக்கறேன். ஒரு சிட்டிகை வெல்லம் எடுக்கறேன். வீட்டில் யாரும் இல்லையென்றால்?

"செவுத்துக்கிட்ட சொல்லு."

எனக்கு இது வேடிக்கையாக இருந்தது. விடுதியில் தோழிகளிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். நான் அப்போது படித்துக்கொண்டிருந்த புத்தகங்களில் பயம் ஒரு தத்துவம். காரணம் இல்லாத பயம், பொருள் இல்லாத பயம். பக்க ஓரத்தில் கோடு போட்டு வைத்துக்கொள்வேன். செவுத்துக்கிட்ட சொல்லு என்பதில் யோசிக்க ஏதாவது இருக்கும் என்று தோன்றியதே இல்லை.

*

ஆடி பிறந்த சமயம். உங்கள் கார்டு வந்தது. 'இந்த மாதம் மெஸ் பணம் அனுப்ப வழியில்லை. விதைப்புச் செலவு. அடுத்த மாதம் சேர்த்துப் பார்க்கலாம்.' மெஸ் வாசலில் கறுப்புப் பலகையில் என் பெயரை எழுதிவிட்டார்கள். மூன்று நாள் தோழியின் தட்டில் பாதி சாப்பிட்டேன். நாலாம் நாள் பஸ் ஏறிவிட்டேன். கடுதாசியில் மறுக்கலாம், நேரில் மறுக்க முடியாது என்று நினைத்தேன்.

வந்து சேர்ந்தபோது இருட்டிவிட்டது.  தட்டு வைத்தீர்கள். சோளக் களி. காலையில் அண்ணன் முதல் டிரிப்புக்குப் போனார். நைனா நிலத்துக்குப் போனார். நீங்கள் பையை எடுத்துக்கொண்டு ரேஷன் கடைக்குக் கிளம்பினீர்கள்.

"காலேஜம்மா, புள்ளயப் பாத்துக்கோ. வரிசை பெருசா இருக்கும். வந்து பேசலாம்."

வந்து பேசலாம். அது என் மெஸ் பணம் பற்றி என்று எனக்குத் தெரிந்தது.

நீங்கள் போனதும் பாயில் மல்லாந்து படுத்தேன். மேலே பார்த்தேன். சம்பளம் வந்து இரண்டாம் வாரம். முதல் மூட்டை தீர்ந்துவிட்டது. இரண்டாவது அலமாரியில் இருந்தது. உத்திரத்தில் இரண்டு தொங்க வேண்டும்.

மூன்று தொங்கின.

நான்கு வாரத்துக்கு நான்கு மூட்டை. ஐந்தாவது எங்கிருந்து வந்தது?

எனக்கு விடை உடனே கிடைத்தது. படித்தவளுக்கு விடை சீக்கிரம் கிடைக்கும். எல்லோரையும் ஒவ்வொன்றாக விடச்சொல்லிவிட்டு நீங்கள் தனியாக ஒன்று சேர்த்து வைத்திருக்கிறீர்கள். உங்கள் அம்மா வீட்டுக்கு அனுப்பவோ, விற்கவோ. என் பெயர் கறுப்புப் பலகையில் இருக்கிறது. இங்கே ஒரு மூட்டை அதிகமாகத் தொங்குகிறது.

முக்காலியைப் போட்டு ஏறி அவிழ்த்தேன். கனமாக இருந்தது. உள்ளே வேறெதுவும் இல்லை, முழுக்க மல்லாட்டைப் பயிறு. அடியில் சாம்பல் நிறத்தில் கொஞ்சம் தூசு. பழைய சரக்கு என்று நினைத்தேன். மூன்று எடுத்து வாயில் போட்டேன். நாக்கில் இரும்புபோல ஏதோ ஒட்டியது. துப்பவில்லை.

"அத்த, எனக்கு?"

செல்வி பக்கத்தில் சொப்பு வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள். பாவாடையை விரித்துக் காட்டினாள். ஒரு கை அள்ளிப் போட்டேன். அலமாரியில் இருந்து ஒரு துண்டு வெல்லமும் எடுத்துக் கொடுத்தேன். செவுத்துக்கிட்ட சொல்லவில்லை. அவள் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு பின்பக்கம் ஓடினாள்.

மூட்டையைத் திரும்பக் கட்டி என் தகரப் பெட்டியில் துணிகளுக்கு அடியில் வைத்தேன். சாயங்காலம் அண்ணன் வந்ததும் எடுத்து அவர் முன்னால் வைப்பது என்று முடிவு செய்திருந்தேன். என்ன சொல்ல வேண்டும் என்று வாக்கியங்கள்கூடத் தயாராக இருந்தன. நல்ல வாக்கியங்கள். ஒன்றுகூட இப்போது நினைவில்லை.

*

நீங்கள் வந்ததும் முதலில் மேலே பார்ப்பீர்கள். செருப்பில்லாத காலைப் படியில் துடைத்துக்கொண்டே பார்ப்பீர்கள். அன்றும் பார்த்தீர்கள்.

"மூணாவதா ஒண்ணு தொங்கிச்சே. எங்க?"

"எனக்கென்ன தெரியும்?"

"மாமா வந்தாரா?"

"கவனிக்கல அண்ணி. படிச்சுக்கிட்டிருந்தேன்."

நீங்கள் பையைக் கீழே வைத்தீர்கள். உங்கள் தோள் தளர்ந்தது. அதை நான் பார்த்தேன்.

"வந்து எடுத்துக்கினு போயிருப்பாரு. நல்லதாப் போச்சு. மொளைக்காம பொக்கு வுழுந்த எடத்துல ஊனறதுக்கு ரெண்டு படி மீத்து வெச்சிருந்தாரு. மருந்து போட்ட வெத. வெஷம். நெலத்துல வெச்சா எலி, வூட்ல வெச்சா புள்ள. அது மேல தொங்கற வரைக்கும் எனக்கு உசுரு கையில இல்ல. எல்லாருக்கும் சொல்லிட்டேன், ஒனக்குத்தான் சொல்லல. நேத்து வந்த களைப்புல நீ படுத்துட்ட."

விஷம்.

இந்த இடம்தான், அண்ணி.

நீங்கள் பானையிலிருந்து ஒரு சொம்பு தண்ணீர் மொண்டு குடித்தீர்கள். இன்னொரு சொம்பு. முந்தானையால் கழுத்தைத் துடைத்தீர்கள். வரிசையில் இரண்டு பேர் சண்டை போட்டதைச் சொன்னீர்கள். ஒருத்தி இன்னொருத்தியின் பையைப் பிடுங்கித் தெருவில் எறிந்தாளாம். முறத்தை எடுத்தீர்கள். ரேஷன் அரிசியைக் கொட்டினீர்கள். உட்கார்ந்தீர்கள். கல் பொறுக்க ஆரம்பித்தீர்கள். ஒன்று. இரண்டு. மூன்று.

நான் தூணுக்குப் பக்கத்தில் நின்றேன்.

நான் குழந்தையை நினைக்கவில்லை. பெட்டியை நினைத்தேன். மூட்டையை எடுத்தேன் என்று சொன்னால், எங்கே என்பீர்கள். பெட்டியைத் திறக்க வேண்டும். துணிக்கு அடியில் இருந்து அது வந்தால், ஏன் அங்கே வைத்தேன் என்பது வெளியே வந்துவிடும். நான் உங்களைத் திருடி என்று நினைத்தது தெரிந்துவிடும். ஆகவே முதலில் மூட்டை பெட்டியிலிருந்து வேறு இடத்துக்குப் போக வேண்டும். நீங்கள் எழுந்து பின்பக்கம் போவீர்களா. எவ்வளவு நேரத்தில் போவீர்கள்.

இதைத்தான் யோசித்தேன். நிதானமாக. பயம் இல்லாமல்.

செல்வி பின்வாசல் படியில் வந்து நின்றாள். உதட்டில் வெல்லம்.

அப்போதுதான் சொன்னேன்.

*

நீங்கள் திட்டவில்லை. முறம் கவிழ்ந்து அரிசி தரையெல்லாம் ஓடியது. ஒரு மணி அரிசிக்குக் குனிகிற நீங்கள் அதை மிதித்துக்கொண்டு போனீர்கள். குழந்தையைத் தலைகீழாகப் பிடித்துத் தொண்டையில் விரல் விட்டீர்கள். உப்புத் தண்ணீரைப் புகட்டினீர்கள். கொஞ்சம் வந்தது. அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினீர்கள். நான் பின்னால் ஓடினேன். அப்போதுதான் பயம் வந்தது.  கடைத்தெரு முழுக்க வெயில். தெரு முடிகிற இடத்தில் மலை. எவ்வளவு ஓடியும் அது அதே தூரத்தில் இருந்தது.

"இன்னாம்மா, இன்னா ஆச்சு?" என்று யாரோ கடையிலிருந்து கேட்டார்கள்.

"வழி வுடுங்க," என்றீர்கள். அது ஒன்றுதான் ஆஸ்பத்திரி வரை நீங்கள் பேசியது.

டாக்டர் இளைஞர். கண் இமையை இழுத்துப் பார்த்தார். வயிற்றை அழுத்தினார். செல்வி வீறிட்டாள். "எவ்வளவு சாப்பிட்டது?" என்றார்.

"ஒரு பிடி," என்றேன்.

"உங்கள் பிடியா, குழந்தை பிடியா?"

என் கையை நான் பார்த்தேன். விரித்து, மூடி, மறுபடி விரித்தேன். ஒரு தரம் அள்ளினேனா, இரண்டு தரமா? தெரியவில்லை. டாக்டர் காத்துக்கொண்டிருந்தார். தெரியவில்லை அண்ணி. நீங்கள் என் தோளைப் பிடித்து உங்கள் பக்கம் திருப்பினீர்கள்.

"வூட்டுக்கு ஓடு. மாமா ரெண்டு படி கட்டினாரு. தலை தட்டி அளந்தாரு, நான் பாத்துக்கினுதான் இருந்தேன். ஆழாக்க எடுத்து அள. பதினாறு வரணும். கொறையறது எவ்ளோன்னு வந்து சொல்லு. தரையிலயும் பாரு. புள்ள எறைச்சிருக்கும்."

ஓடினேன்.

பெட்டியைத் திறந்து மூட்டையை இழுத்தேன். வீட்டில் யாரும் இல்லை. ஆழாக்கை எடுத்து அளந்தேன். வாய்விட்டு எண்ணினேன். செவுத்துக்கிட்ட. ஒன்று, இரண்டு, மூன்று. ஏழில் விட்டுப்போய், எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டித் திரும்ப ஆரம்பித்தேன். தலை தட்டும்போது விரலில் சாம்பல் தூள். பதினைந்து வந்தது. பதினாறாவது பாதிக்குமேல் நிரம்பவில்லை.

அரை ஆழாக்கு. நான் மூன்று தின்றேன். மற்றதெல்லாம் அவள்.

தரையில் கைகளை ஊன்றித் தேடினேன். அரிசிக்கு நடுவே ஒரு பயிறு. கதவு மூலையில் இரண்டு. ஒவ்வொன்று கிடைக்கும்போதும், இது அவள் தின்னாதது, இது அவள் தின்னாதது என்று சொல்லிக்கொண்டேன். பின்பக்கம் போனேன். துவைக்கிற கல்லடியில் ஒன்று. பிறகு ஒன்றும் இல்லை. கோழிகள் நடந்துகொண்டிருந்தன. கோழி தின்றிருக்கும் என்று நம்ப விரும்பினேன். கோழியின் அலகையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அப்போது வேலியோரத்தில் அவளுடைய சொப்புகள் தெரிந்தன. மண் அடுப்பு. அதன் மேல் பானை. பக்கத்தில் ஊன்றியிருந்த முருங்கைக் குச்சியில் ஏதோ தொங்கியது.

கந்தல் துணியில் மூன்று முடிச்சுகள். நூல் கட்டித் தொங்கவிட்டிருந்தாள்.

அவிழ்த்தேன். மல்லாட்டைப் பயிறு. மூன்றிலும். நாலாவது துணி அடுப்புக்குப் பக்கத்தில் காலியாகக் கிடந்தது.

அவள் உட்கார்ந்து நாலு வாரத்துக்குப் பங்கிட்டிருக்கிறாள், அண்ணி. நாலு வயசுக் குழந்தை, தின்னக் கிடைத்ததைப் பங்கு போட்டுக் கட்டித் தொங்கவிட்டு, ஒரு வாரத்தை மட்டும் தின்றிருக்கிறாள்.

நான் எப்படி மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தேன் என்பது நினைவில்லை. டாக்டரின் மேஜையில் மூன்று முடிச்சுகளையும் அவிழ்த்துக் கொட்டி எண்ணினோம். மூன்றிலும் ஏறக்குறைய ஒரே அளவு. அப்படியானால் அவள் வயிற்றில் போனது பத்து, பன்னிரண்டு. நீங்கள் ஏற்கெனவே எதிர்க்கடையில் ஆறு முட்டையும் அரைப்படிப் பாலும் வாங்கி வந்திருந்தீர்கள். வெள்ளைக்கருவைப் பாலில் கலக்கிப் புகட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் வாந்தியெடுத்து, அழுது, மறுபடி குடித்தாள். நடுவில் மேஜையைப் பார்த்துவிட்டாள்.

"அத்த! அது அடுத்த வாரத்துது. எடுக்காத."

டாக்டருக்குப் புரியவில்லை. நீங்கள் குழந்தையின் தலையில் முகத்தை வைத்துக்கொண்டீர்கள். முதுகு குலுங்கியது. சிரிப்பா அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தீர்கள்.

"நீயும் துன்னியா?"

"இல்ல."

"வாயத் தொற. நாக்க நீட்டு. எம்.ஏ. படிக்கிறாளாம், மல்லாட்டைக்கும் மருந்துக்கும் வித்தியாசம் தெரியல. புடி, குடி."

வெள்ளைக்கரு தொண்டையில் இறங்கவில்லை. நீங்கள் மூக்கைப் பிடித்து ஊற்றினீர்கள்.

இந்த மருந்து சிறுநீரகத்தைத் தாக்கும், நாளைக்கு நீர் பிரிகிறதா என்று பார்த்துத்தான் எதையும் சொல்ல முடியும் என்றார் டாக்டர். அண்ணன் வந்தார். நைனா வந்து வராந்தாவில் உட்கார்ந்து தன் தலையில் தானே அடித்துக்கொண்டார்.  ஒரு குழந்தை சிறுநீர் கழிப்பதற்காக நாலு பெரியவர்கள் காத்திருந்தோம். காலையில் வெயில் ஜன்னலுக்கு வந்த பிறகு, உங்கள் மடியிலேயே போனாள். நல்ல ஈரம். நீங்கள் புடவையைத் தூக்கி எல்லோருக்கும் காட்டினீர்கள், ஏதோ பட்டு வாங்கி வந்தது போல.

*

பிறகு அது கதையாகிவிட்டது. உங்களுக்குத் தெரியும். அண்ணன் அதை அவலூர்பேட்டை வரை டிக்கெட்டோடு சேர்த்துக் கொடுத்தார். எங்க வூட்டு பட்ஜெட்தான் எங்க புள்ளய காப்பாத்திச்சி. ஏறுகிறவர்கள் எல்லோரும் கேட்டார்கள். நைனா மருந்து போட்ட விதையை வீட்டுக்குள் கொண்டுவருவதை அதோடு நிறுத்தினார். இப்போதும் கலந்த கையோடு பானையை நிலத்துக்குத் தூக்கிப் போய்விடுகிறார். அந்த மாதம் முட்டைக்கும் பாலுக்கும் போனதில் நான்காவது வாரத்துக்குப் பருப்பு இல்லை. புளித்தண்ணீரும் களியுமாக ஓடியது. யாரும் முணுமுணுக்கவில்லை. எனக்கு அடுத்த மாதம் மணியார்டர் வந்தது. கூப்பனில் உங்கள் கையெழுத்து: 'மெஸ்ஸுக்கு. புள்ளை நல்லா இருக்குது.'

அந்தக் கதையில் நான் நல்லவள். ஓடினேன். அளந்தேன். முடிச்சுகளைக் கண்டுபிடித்தேன். பெட்டி அந்தக் கதையில் இல்லை. தூண் இல்லை. நீங்கள் பொறுக்கிய கற்கள் இல்லை. அந்தக் கதையை முதலில் சொன்னது நீங்கள்தான். ஆஸ்பத்திரி வராந்தாவில் அண்ணனிடம் சொன்னீர்கள். நான் பக்கத்தில் நின்றேன்.

"வெஷம்னு நான் சொன்ன ஒடனே சொல்லிட்டா. அதனால பொழச்சிது."

உடனே.

உப்பைக்கூடத் தலை தட்டி அளக்கிறவர் நீங்கள். அந்த ஒரு சொல்லை மட்டும் அளக்காமல் போட்டீர்கள். தெரியாமல் போட்டீர்களா? இரண்டு சொம்பு தண்ணீர் குடித்தது உங்களுக்கு மறந்துவிட்டதா? அல்லது எல்லாம் தெரிந்து, என்னைப் பார்க்காமல், எனக்காகப் போட்டீர்களா?

ஒருமுறை கேட்க வந்தேன். தீபாவளி விடுமுறை. நீங்கள் முறுக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தீர்கள். "அண்ணி, அன்னிக்கு..." என்று ஆரம்பித்தேன்.

"சொன்னே இல்ல? அத்தோட வுடு," என்றீர்கள். மாவிலிருந்து கையை எடுக்கவில்லை.

விட்டேன். விடுவது எனக்குச் சுலபமாக இருந்தது. அதுதான் நான் உண்மையில் விட்டிருக்கக்கூடாதது.

*

இப்போது நான் படிப்பு முடித்து வீட்டோடு இருக்கிறேன். சம்பளம் வந்த அன்று அண்ணன் கவரை என் கையில் வைக்கிறார். "நீ வூட்ல இருக்கறதாலதான் நான் நிம்மதியா வண்டி ஏறறேன்," என்கிறார். செல்வியை என்னிடம் விட்டுவிட்டுப் போகிறார். ஒவ்வொரு முறையும் அவர் படியிறங்கியதும் அவள் எங்கே என்று பார்க்கிறேன். நான் நாலு மூட்டையும் கட்டுகிறேன். நீங்கள் கட்டியது போல. அவை சரியாக இருக்கின்றன. சாமான் மாதக் கடைசி வரை வருகிறது. பக்கத்து வீட்டு அக்காகூடச் சொன்னாள், அப்படியே அண்ணிய உரிச்சு வெச்சிருக்கே என்று. அவள் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டேன்.

நான் பயப்படுவது மருந்துக்கு அல்ல. எலிக்கு அல்ல. விலைக்கு அல்ல. மறுபடி ஒருநாள் ஏதாவது நடக்கும். எல்லா வீட்டிலும் நடக்கும். அப்போது நான் தூணுக்குப் பக்கத்தில் நிற்பேனா? அன்று நின்றவள் எங்கும் போய்விடவில்லை. இதே வீட்டில்தான் இருக்கிறாள். காலையில் அந்த வாசனை வந்தபோது அவள் எழுந்து உட்கார்ந்ததை என் உடம்பில் உணர்ந்தேன்.

நீங்கள் போன மறுமாதம், வீட்டில் யாரும் இல்லாதபோது, அன்று நீங்கள் செய்ததையெல்லாம் வரிசையாகச் செய்து பார்த்தேன். இரண்டு சொம்பு தண்ணீர். கழுத்தைத் துடைத்தல். அந்தச் சண்டைக் கதையை, நீங்கள் சொன்ன வேகத்தில். முறம். அரிசி. மூன்று கல். மனதுக்குள் எண்ணிக்கொண்டே செய்தேன். நான் நின்ற நேரம் எவ்வளவு வந்தது என்று இங்கே எழுத மாட்டேன். அந்த எண் என்னிடம் இருக்கிறது. அது குறையாது.

உங்களிடமிருந்து எனக்கு வந்தது சிக்கனம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அது பாதிதான். எடுத்தால் சொல்ல வேண்டும் என்பது மீதி. அந்தப் பாதியை நான் இன்னும் செய்யவில்லை. உங்களிடம் சொல்ல இனி வழியில்லை. எழுதினால் அது செவுத்துக்கிட்ட சொல்வதுதான். ஆனால் அந்தக் கதையை நம்பி, குழந்தையை என்னிடம் விட்டுவிட்டு வண்டி ஏறுகிறவர் ஒருவர் இருக்கிறார். கேட்டபின் அவர் அவளை என்னிடம் விடாமல் போகலாம். உங்கள் அம்மா வீட்டுக்கு அனுப்பிவிடலாம்.  

பஸ் ஹாரன் கேட்கிறது. அண்ணன் ஒரு மணி டிரிப் முடித்து வருகிறார்.

இதுவரை எழுதிவிட்டு எழுந்து போனேன். அவர் கைகால் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். தட்டை வைத்தேன். தண்ணீர் வைத்தேன். "அண்ணா, அன்னிக்கு நான் உடனே சொல்லல," என்றேன். பெட்டி, தூண், கற்கள், எல்லாம் சொன்னேன். அந்த எண்ணையும் சொன்னேன். பிறகு சோறு போட்டேன்.